விதையும் நிலமும்
அழற்சிக் காலத்தில் என்பு மூளை

(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மொழியும் இலக்கியமும் பேசப்பெறும் இம்மேடையில் குருதியைப் பற்றிப் பேச இவனை ஏன் அழைத்தார்கள் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நானும் அவ்வாறே எண்ணினேன். நான் மருத்துவன் அல்லன். முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு குருதி ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து, கண்ணாடிச் சில்லில் தடவிய குருதியை எண்ணிக் கணக்கெழுதியவன். அத்தகையவனுக்கு அவையில் பேசும் தகுதியைத் தருவது அவன் கற்றதைக் காட்டிலும் அவன் செய்த பிழையே எனக் கருதுகிறேன். ஆகவே என் பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

என் தமக்கையாருக்குக் கைவிரல் மூட்டுகளும் முழங்கால்களும் பல்லாண்டுகளாக வீங்கி வலித்தன. அகவை ஐம்பதைக் கடந்த பின்னர் முகம் வெளிறியது. நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கியது. குருதியின் செம்பொருள், அறிக்கைகளில் ஈமோகுளோபின் என்று அச்சாவது, 8 கிராமுக்கு இறங்கியிருந்தது. அக்குருதியைச் சில்லில் தடவிப் பார்த்தவன் நானே. அணுக்கள் சற்றே வெளிறியிருந்தன. சில சிறுத்தும் இருந்தன. "இரும்புக் குறைதான் அக்கா" என்றேன். மருத்துவமனையிலும் அதையே சொல்லி இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். ஓராண்டு உண்டார். செம்பொருள் ஏறவில்லை. அளவை இரட்டித்தார்கள். மலம் கறுத்தது, வயிறு கட்டியது, செம்பொருள் அதே 8-இல் நின்றது. இரண்டாம் ஆண்டின் முடிவில் ஓர் இளம் மருத்துவர்தாம் எவரும் கேளாத வினாவைக் கேட்டார்: "மூட்டு வீக்கத்திற்கு என்ன செய்தீர்கள்?" வலி மாத்திரையைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் பெரிட்டின் என்னும் புரதத்தை அளந்தார்கள். இருப்பு குறையவில்லை, இயல்பிற்கு மேல் இருந்தது! களஞ்சியம் நிறைந்திருந்தது, கதவு பூட்டிக் கிடந்தது, நாங்களோ வாயிலில் மேலும் மேலும் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம்.

கதவைப் பூட்டியது யார்? அதை அறியத்தான் பணி ஓய்விற்குப் பின் நூல்களைப் புரட்டினேன். அங்ஙனம் நான் அறிந்ததே இன்றைய உரை.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். நெஞ்செலும்பு, இடுப்பெலும்பு, முதுகெலும்பு இவற்றின் உள்ளே மென்மையான செந்நிறப் பொருள் ஒன்று உண்டு. பாடநூல்கள் இதற்கு வடசொல்லைத் தருகின்றன. நம்மிடமோ மூளை என்னும் சொல்லே மண்டையோட்டின் உள்ளிருப்பதையும் என்பின் உள்ளிருப்பதையும் ஒருங்கே குறித்து வந்தது. பழைய அகரமுதலிகளில் இரு பொருளும் காணலாம். ஆதலின் என்பு மூளை என்றே இவ்வுரையில் வழங்குகிறேன். இறைச்சிக் கடையில் நல்லி எலும்பு என்று கேட்டு வாங்குவோர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

இந்த என்பு மூளைதான் நம் குருதியணுக்களின் பிறப்பிடம். வளர்ந்த ஓர் ஆளின் உடலில் நாள்தோறும் ஏறத்தாழ 20,000 கோடிச் சிவப்பணுக்கள் இங்கே உண்டாகின்றன. நொடிக்கு 20 இலக்கத்திற்கும் மேல்! நான் இவ்வொரு தொடரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கோடி அணுக்கள் உங்கள் ஒவ்வொருவர் உடலிலும் பிறந்துவிட்டன. சிவப்பணு 120 நாள் வாழும். நுண்ணுயிர்களை எதிர்த்து முதலில் களம் புகும் வெள்ளணுவோ, குருதியில் ஒரு நாள் கூடத் தங்குவதில்லை. அறிக்கைகளில் நியூட்ரோபில் என்று வருவது அதுவே. முன்படை வெள்ளணு என்று அதை நான் அழைக்கிறேன். அதுவும் நாள்தோறும் பதினாயிரம் கோடி அளவில் ஆக்கப்படுகிறது.

1868-ஆம் ஆண்டு வரை இவ்வுண்மை உலகுக்குத் தெரியாது. அவ்வாண்டில் புருசிய நாட்டுக் கோனிக்சுபெர்க்கு நகரில் எர்ன்சுட்டு நியூமன் என்பாரும், இத்தாலியின் பாவியா நகரில் பிட்சொசெரோ என்பாரும், தனித்தனியே என்பு மூளையை நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்து, குருதி பிறக்கும் இடம் இதுவெனக் கண்டார்கள். அதன்பின் ஒரு நூற்றாண்டாக ஆய்வாளர் தேடியது விதையை. 1961-இல் கனடாவின் தொரண்டோவில் தில், மெக்கல்லக் என்னும் இருவர், கதிர்வீச்சால் குருதியாக்கம் அழிந்த சுண்டெலிகளுக்கு வேறு எலியின் என்பு மூளை அணுக்களைச் செலுத்தினர். பத்து நாள் கழித்து அவற்றின் மண்ணீரலில் சிறுசிறு முடிச்சுகள் தோன்றின. ஒவ்வொரு முடிச்சும் ஒற்றை அணுவின் வழித்தோன்றல். தன்னைப் போன்றதையும் ஈன்று, பலவகைக் குருதியணுக்களையும் ஈனவல்ல இம்முதல் அணுவைக் குருத்தணு என்போம்.

விதை கிடைத்துவிட்டது. நிலம்?

இங்கேதான் நான் மிக விரும்பிப் படித்த எலிக் கதை வருகிறது. ஆய்வாளர்கள் வளர்த்த சுண்டெலிகளில் இரண்டு வகை இருந்தன. இரண்டும் வெண்மயிரும் கருங்கண்ணும் உடையவை, இரண்டும் பிறவியிலேயே குருதிச் சோகை பிடித்தவை, இரண்டும் மலடு. அருகருகே வைத்தால் பார்வையால் பிரித்தறிய இயலாது. ஆனால் ஒன்றின் மரபணுப் பிழை வேறு, மற்றதன் மரபணுப் பிழை வேறு. முதல் வகை எலிக்கு நலமான எலியின் என்பு மூளையைச் செலுத்தினார்கள், சோகை நீங்கியது. இரண்டாம் வகைக்கும் அவ்வாறே செலுத்தினார்கள், நீங்கவில்லை. எத்துணை நல்ல விதையை இட்டாலும் அங்கே முளைக்கவில்லை. பின்னர் எவரும் எண்ணாத ஒன்றைச் செய்தார்கள். அவ்விரண்டாம் வகைச் சோகை எலியின் என்பு மூளையை எடுத்து முதல் வகை எலிக்குச் செலுத்தினார்கள். முதல் வகை எலி பிழைத்துச் செழித்தது! நோயுற்ற எலியின் அணுக்கள் மற்றொரு நோயுற்ற எலியைக் குணப்படுத்தின என்றால் பொருள் என்ன? அவ்விரண்டாம் எலியின் விதையில் குறையே இல்லை, குறை நிலத்தில். அமெரிக்கத்தின் பார் ஆர்பர் நகரில் எலிசபெத்து இரசல் அம்மையார் பல்லாண்டுகள் பேணிய எலிகள் அவை. 1960-களில் தொரண்டோ ஆய்வாளர்களும் அவருடன் சேர்ந்து இதை நிறுவினர். நிலத்திலிருந்து குருத்தணுவுக்குச் செல்ல வேண்டிய ஒரு வளர்ப்புப் பொருள் அவ்வெலியில் பழுதுற்றிருந்தது என்பது 1990-இல் தெரிந்தது.

1978-இல் மாஞ்செசுட்டர் நகரின் இரேமண்டு சுகோபீல்டு என்பார் ஒரு கருத்தை வைத்தார். குருத்தணு குருத்தணுவாகவே நீடிப்பது அதன் பிறவிக் குணத்தால் மட்டும் அன்று, அது அமர்ந்திருக்கும் இடத்தாலும் ஆகும். அவ்விடத்தை விட்டு நகர்ந்தால் அது முதிர்ந்து வேறு அணுவாகிவிடும் என்றார். அவ்விடத்திற்கு அவர் இட்ட பெயர் சுவரில் விளக்கோ சிலையோ வைப்பதற்கான குழிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். நம் வீடுகளில் அதற்கு மாடம் என்று பெயர். விளக்குமாடத்தில் வைத்த சுடர் காற்றில் அணையாமல் நிற்பது போல, மாடத்தில் அமர்ந்த குருத்தணு தன் நிலை கெடாமல் நிற்கிறது. மொழிபெயர்ப்பில் இத்துணை எளிதாகப் பொருந்தும் சொல் வேறு கலைகளில் எனக்குக் கிடைத்ததில்லை.

அம்மாடத்தைக் கட்டியிருப்பவை எவை? என்பின் உட்பரப்பில் என்பை ஆக்கும் அணுக்கள், என்பு மூளை எங்கும் ஓடும் அகன்ற மெல்லிய குருதிக்குழாய்கள், அக்குழாய்களைச் சுற்றிக் கிளை விரித்து நிற்கும் தாங்கணுக்கள், நரம்பு முனைகள், கொழுப்பணுக்கள், விழுங்கணுக்கள். இவற்றுள் எது முதன்மை என்று ஆய்வாளர்கள் நெடுநாள் வழக்காடினர். 2003-இல் என்பாக்கும் அணுக்களே என்றனர். பின்னர் குழாய்களை ஒட்டியே குருத்தணுக்கள் மிகுதியாக உள்ளன எனக் கண்டனர். இன்றைய ஆய்வுகள் பெரும்பாலும் குழாய்ச் சுவரையும் அதைச் சூழ்ந்த தாங்கணுக்களையுமே சுட்டுகின்றன. அவை இரண்டு பொருள்களைச் சுரக்கின்றன: ஒன்று, மேலே சொன்ன வளர்ப்புப் பொருள், மற்றொன்று, குருத்தணுவை இடத்திலேயே பிணித்து வைக்கும் தளைப்பொருள். ஊட்டுவதும் கட்டுவதும் ஒரே கையின் செயல்கள்.

இனி அழற்சிக்கு வருவோம். காலில் முள் தைத்துச் சீழ் பிடிக்கிறது. அல்லது நுரையீரலில் சளிக்காய்ச்சல் காண்கிறது. நுண்ணுயிர்களின் மேலுறைத் துணுக்குகள் குருதியில் கலக்கின்றன. குருத்தணுக்கள் இதை அறிந்து தாமே எழுகின்றன என்று முன்பு எண்ணினோம். ஓரளவு அதுவும் உண்டு. ஆனால் 2014-இல் சூரிக்கு நகர ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் காட்டியது வேறு. அத்துணுக்குகளை உணர்ந்து பெரும் மணியடிப்பவை குருதிக்குழாய்களின் உட்சுவர் அணுக்களே! அவை வெள்ளணு ஊக்கி என்னும் புரதத்தை வெள்ளமாகச் சுரக்கின்றன. அதன்பின் என்பு மூளையின் முகமே மாறுகிறது.

முன்படை வெள்ளணுக்களின் நாற்றங்கால் விரிகிறது; பல நாள் எடுத்து முதிர வேண்டியவை விரைந்து முதிர்கின்றன. தாங்கணுக்கள் தளைப்பொருளைக் குறைக்கின்றன. கட்டவிழ்ந்த அணுக்கள் குருதியில் பாய்கின்றன. அதே தளைப்பொருளை நம்பியிருந்த மற்றொரு குடி, எதிர்ப்பொருள் ஆக்கும் வெள்ளணுக்களின் இளங்கன்றுகள், இடம் பெயர்ந்து வெளியேறுகின்றன. அவை விட்ட இடத்தில் முன்படையின் கன்றுகள் பெருகுகின்றன. போர்க்காலத்தில் கரும்பு வயலை நெல் வயலாக்குவது போன்றது இது. விதை அதேதான், நிலம் வேறு பயிரை விளைவிக்கிறது.

இதன் அடையாளத்தை நான் ஆயிரம் முறை கண்ணால் கண்டிருக்கிறேன். முதிர்ந்த முன்படை வெள்ளணுவின் உட்கரு மூன்று நான்கு இதழ்களாகப் பிரிந்திருக்கும். கடுந்தொற்றில் வரும் குருதியில் இதழ் பிரியாத, வளைந்த கயிறு போன்ற உட்கருவுடைய இளையவை மிகுதியாய் இருக்கும். இயல்பில் நுண்லிட்டருக்குப் பதினோராயிரத்துக்கு மேற்படாத வெள்ளணு எண்ணிக்கை இருபதாயிரம், முப்பதாயிரம் எனத் தாவும். 1904-இல் செருமானிய மருத்துவர் ஆர்னெத்து இதழ்களை எண்ணி வரிசைப்படுத்தும்போது இளையவற்றை இடப்பக்கம் வைத்தார். அதனால் இதற்கு இன்றும் இடப்பெயர்வு என்றே பெயர். பயிற்சி முடியாத இளைஞரையும் போருக்கு அனுப்பும் அரசின் நிலை அது. அறிக்கையில் அதைக் காணும் மருத்துவர் நோயாளியைப் பாராமலே தொற்றின் கடுமையை உணர்வார்.

முள்ளை எடுத்தால், சீழ் வடிந்தால், சில நாட்களில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். உயிர் காக்கும் ஏற்பாடு இது; குறை கூறுவதற்கில்லை. அழற்சி அணையாமல் திங்கள் கணக்கில், ஆண்டுக் கணக்கில் எரிந்தால் என்ன ஆகும் என்பதே என் தமக்கையாரின் கதை.

முன்படைக்காக ஒதுக்கிய நிலம் சிவப்பணுவிடமிருந்து பறித்த நிலம். 1958-இல் பாரிசில் மார்செல் பெசி என்பார் என்பு மூளையில் ஓர் அழகிய அமைப்பைக் கண்டார். நடுவில் ஒரு விழுங்கணு. அதைச் சுற்றி இளஞ்சிவப்பணுக்கள், தாயைச் சூழ்ந்த குஞ்சுகள் போல. அவ்விழுங்கணு அவற்றைப் பேணுகிறது. முதிரும்போது அவை உமிழும் உட்கருவை விழுங்கித் துப்புரவும் செய்கிறது. உடலெங்கும் உள்ள இவ்வினத்து விழுங்கணுக்கள்தாம் முதிர்ந்து செத்த சிவப்பணுக்களிலிருந்து இரும்பை மீட்டு மீண்டும் வழங்குபவை. நம் அன்றாடக் குருதியாக்கத்திற்கு வேண்டும் இரும்பில் மிகப் பெரும்பங்கு உணவிலிருந்து வருவதன்று, இம்மீட்பிலிருந்து வருவது.

அழற்சியில் கல்லீரல் எப்சிடின் என்னும் சிறு புரதத்தைச் சுரக்கிறது. லாசு ஏஞ்செலிசில் தாமசு கான்சு குழுவினர் 2001-இல் இதற்கு அப்பெயரிட்டனர். விழுங்கணுவிலிருந்தும் குடற்சுவரிலிருந்தும் இரும்பு வெளிவரும் கதவு ஒன்றுண்டு. எப்சிடின் அக்கதவையே அழித்துவிடுகிறது. விழுங்கணுவினுள் இரும்பு குவிகிறது. அண்டையில் நிற்கும் இளஞ்சிவப்பணு பசியால் வாடுகிறது. வாய்வழி உண்ட இரும்பும் குடற்சுவரைத் தாண்டுவதில்லை. தமக்கையார் உண்ட மாத்திரைகள் எங்கே போயின என்பது இப்போது விளங்கும். அத்துடன் அழற்சிப் பொருள்கள் சிவப்பணுக் கன்றுகளின் பெருக்கத்தையே தடுக்கின்றன. சிறுநீரகம் அனுப்பும் தூண்டற் பொருளுக்கும் அவை செவிசாய்ப்பதில்லை.

உடல் ஏன் இக்கொடுமையைச் செய்கிறது? நுண்ணுயிர்களுக்கும் இரும்பு வேண்டும். பகைவன் கையில் சிக்காதிருக்கக் களஞ்சியத்தைப் பூட்டுகிறது. சான்சிபாரைச் சேர்ந்த பெம்பாத் தீவில் குளிர்காய்ச்சல் மிகுந்த ஊர்களின் குழந்தைகளுக்கு எல்லார்க்கும் இரும்பு வழங்கிய ஓர் ஆய்வின் முடிவு 2006-இல் வெளிவந்தது. இரும்பு பெற்ற குழந்தைகளிடையே கடுநோயும் இறப்பும் மிகுந்தமையால் வழங்கலை நடுவிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. ஆனால் அதே ஆய்வின் ஒரு பகுதியில், உண்மையாகவே இரும்புக் குறை இருந்து, நோய்க்கு உடனுக்குடன் மருந்தும் பெற்ற குழந்தைகள் நன்மையே அடைந்தனர்.

இவ்விடத்தில் தாய்மார்களுக்கு அழுத்தமாக ஒன்று சொல்ல வேண்டும். இவ்வுரையைக் கேட்டுவிட்டு இரும்பு மாத்திரையை எவரும் குப்பையில் எறிந்துவிடாதீர்கள்! நம் பெண்களின் சோகையில் பெரும்பங்கு மெய்யாகவே இரும்புக் குறையால் வருவதே. கருவுற்ற பெண்ணுக்கு மருத்துவர் தரும் இரும்பு இன்றியமையாதது. நான் சொல்வது இது: மூட்டழற்சி, என்புருக்கி நோய், நாட்பட்ட சிறுநீரக நோய் இவற்றோடு வரும் சோகை வேறு வகையாக இருக்கலாம், சில வேளை இரண்டும் கலந்தும் இருக்கும். சில திங்கள் இரும்பு உண்டும் செம்பொருள் ஏறவில்லையானால், அளவை இரட்டிக்குமுன் இருப்பை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பெரிட்டின் அழற்சியில் தானாகவும் ஏறும் என்பதால் அவ்வெண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், மருத்துவர் மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். என்புருக்கி என்னும் பெயரை இட்ட முன்னோர் நோயாளி எலும்பும் தோலுமாய் உருகுவதைக் கண்டு இட்டனர். அந்நோய் என்பின் உள்ளிருப்பதையும் ஆட்டிவைக்கும் என்பதை எண்ணும்போது அப்பெயர் எனக்கு வேறு பொருளும் தருகிறது.

குருத்தணுவின் நிலை என்ன? இயல்பில் முதன்மைக் குருத்தணுக்கள் பெரும்பாலும் உறங்குபவை. அழற்சிப் பொருள் ஒன்று அவற்றைத் தட்டி எழுப்புவதை 2009-இல் சுண்டெலிகளில் கண்டனர். மீண்டும் மீண்டும் எழுப்பினால் அவற்றின் ஆற்றல் தேய்கிறது. 2016-இல் சான் பிரான்சிசுகோவில் நடந்த ஆய்வொன்றில், வேறோர் அழற்சிப் பொருளைப் பல கிழமைகள் எலிகளுக்குச் செலுத்தினர். குருத்தணுக்கள் ஒருதலையாக முன்படை வகையையே ஈன்று, தம்மைப் புதுப்பிக்கும் வன்மையை இழந்தன. அப்பொருளை நிறுத்தியபின் அவை தேறின. எலியில் கண்டதை அப்படியே மாந்தர்க்கு ஏற்றிச் சொல்லலாகாது. ஆயினும் நாட்பட்ட அழற்சியை முதுமையின் இயல்பென்று விட்டுவிடுவது தவறென்று கருத இது எனக்குப் போதும்.

நெஞ்சடைப்பும் இவ்வாறே மாடத்தைத் தட்டுகிறது என்பதை 2012-இல் பாசுடன் ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினர்: நரம்புவழிச் செய்தி என்பு மூளைக்குச் சென்று, தளைகள் தளர்ந்து, பெருகிய வெள்ளணுக்கள் குருதிக்குழாயின் பழைய புண்களை மேலும் கிளறுகின்றன. நல்ல பக்கமும் உண்டு. பிறந்த குழந்தைக்கு என்புருக்கிக்கு எதிராக இடும் தடுப்பூசி மருந்தை எலிகளின் குருதிநாளத்தில் செலுத்தியபோது, அது என்பு மூளையை எட்டிக் குருத்தணுக்களைப் பயிற்றி, அவற்றின் வழிவந்த விழுங்கணுக்களை வலிமையாக்கிற்று என மாண்ட்ரியல் ஆய்வாளர்கள் 2018-இல் கண்டனர்.

மாந்தன் இம்மணியோசையைத் தானே அடிக்கவும் கற்றுக்கொண்டான். வெள்ளணு ஊக்கியைப் பிரித்தறிந்ததில் மெல்போர்ன் நகரின் தொனால்டு மெட்காப்பு குழுவிற்குப் பெரும்பங்குண்டு. அதை மருந்தாக வழங்க 1991-இல் அமெரிக்கத்தில் ஒப்புதல் கிட்டியது. இன்று ஒருவர் தம் குருத்தணுவைக் கொடையளிக்க விரும்பினால், பெரும்பாலும் இடுப்பெலும்பைத் துளைப்பதில்லை. நான்கைந்து நாள் இவ்வூக்கியை ஊசியாக இடுகிறார்கள். நோயே இல்லாத உடல், தொற்று வந்ததென எண்ணித் தளைகளை அவிழ்க்கிறது. மாடத்தை விட்டு வெளிவந்த குருத்தணுக்களைக் கையின் குருதிநாளத்திலிருந்தே பிரித்தெடுத்துக்கொள்கிறார்கள். ஊசி இட்ட நாட்களில் கொடையாளர்க்கு இடுப்பிலும் முதுகிலும் என்பு வலி காணும். என்பு மூளை விரைந்து பெருகுவதன் வலி அது.

தமக்கையாரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். மூட்டழற்சியைத் தணிக்கும் மருந்தைத் தொடங்கிய பின்னர் இரும்பு மாத்திரை முழுதும் நிறுத்தப்பட்டது. ஐந்தாம் திங்களில் செம்பொருள் 11-ஐ எட்டியது. அன்றைய சில்லையும் நானே தடவிப் பார்த்தேன்; அணுக்கள் நிறம் கொண்டு நிறைந்திருந்தன. "இப்போதாவது சரியாகப் பார்த்தாயா?" என்று கேட்டார். இரண்டு ஆண்டு மூச்சு வாங்கியவருக்கு அவ்வாறு கேட்கும் உரிமை உண்டு.

வினாக்கள் இருப்பின் கேளுங்கள். அறிந்தவரை விடை சொல்கிறேன்.